வலி தணிந்தது மூளையின் சொந்த ஓபியாய்டாலா எனச் சோதிக்கும் முறை

மூளை தானே சுரக்கும் ஓபியாய்டுகளான, அதாவது அபினைப் போல வலி தணிக்கும் பொருள்களான, என்கெஃபலின், எண்டார்ஃபின், டைனார்ஃபின் ஆகிய பெப்டைடுகளால்தான் (சிறு புரதத் துண்டுகள்) வலி தணிந்தது என்று ஆய்வு மாணவர் எழுதுமுன், அவை சென்று ஒட்டும் ஏற்பிகளை (நரம்புச் செல்களில் உள்ள புரதங்கள்) நலாக்சோன் என்னும் தடுப்பு மருந்து கொண்டு அடைத்துப் பார்க்க வேண்டும். அடைத்ததும் வலி திரும்பினால் அது வலுவான சான்று. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் வெளியிட்ட ஆய்வில், ஞானப்பல் பிடுங்கப்பட்டு, மருந்தற்ற போலி ஊசியாலேயே வலி குறைந்தவர்களுக்கு, நலாக்சோன் செலுத்தியபின் வலி கூடியது. ஊசியில் இருப்பது எது என்பது நோயாளிக்கும் செலுத்துபவருக்கும் தெரியவே கூடாது. இதில் தளர்ந்தால் எதிர்பார்ப்பே முடிவைத் திரித்துவிடும். ஓபியாய்டு ஏற்பி வகைகளில் மியூ ஏற்பியையே நலாக்சோன் எளிதில் பற்றும் என்பதால், டைனார்ஃபின் நாடும் காப்பா ஏற்பியை அடைக்கக் கூடுதல் அளவு தேவைப்படும். குறைந்த அளவில் மாற்றம் தென்படாததை வைத்து ஓபியாய்டுக்குப் பங்கே இல்லை என்று முடிவு கட்டுவது, என் பார்வையில், மிகவும் வருந்தத்தக்க அவசரம். மனிதரிடம் சோதிப்பதாயின், அறநெறிக் குழுவின் ஒப்புதலை முன்னதாகப் பெற்றிருக்க வேண்டும்.