500 ரூபாய்க்குள் மளிகை அலமாரியை ஒழுங்கு செய்வது எப்படி?

சமையலறையை ஒழுங்கு செய்யக் கிளம்பியதும் பலர் முதலில் செய்வது, ஒரே மாதிரி இருபது டப்பா வாங்குவதுதான். அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அலமாரி குழம்பிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் டப்பா காரணம் இல்லை. பின்வரிசையில் இருப்பது கண்ணில் படாததால் உளுந்து இருக்கும்போதே இன்னொரு கிலோ உளுந்து வாங்குகிறோம். பழையது வண்டு பிடிக்கிறது. கீழே உள்ள முறை வாடகை வீடுகளில் இருக்கும் கடப்பா கல் அலமாரிக்கானது. சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டியதில்லை.

தேவையானவை: செங்கல் 3, பிளைவுட் துண்டு ஒன்று (3 அடி நீளம், 6 அங்குல அகலம், 12 மி.மீ. கனம்), மாஸ்கிங் டேப், மார்க்கர் பேனா, அளவு டேப், இரண்டு பிளாஸ்டிக் டிரே. பிளைவுட்டை முழுப் பலகையாக வாங்காதீர்கள். தச்சுப் பட்டறையில் மிஞ்சிய துண்டு கேட்டால் குறைந்த விலைக்குக் கிடைக்கும், அளவுக்கு அறுத்தும் தருவார்கள்.

1. எல்லாவற்றையும் இறக்குங்கள்

ஒரு தட்டை மட்டும் இன்று, இன்னொன்றை நாளை என்று பிரித்துச் செய்தால் ஒரே பொருள் இரண்டு இடத்தில் இருப்பது தெரியவே தெரியாது. தரையில் பழைய பாய் விரித்து, பருப்பு, மாவு, மசாலா, எண்ணெய், தின்பண்டம் என்று குவியுங்கள். கல்லில் விரித்திருக்கும் செய்தித்தாளைத் தூக்கி எறியுங்கள். அதன் அடியிலும் அட்டைப்பெட்டிகளின் மடிப்பிலும்தான் கரப்பான் முட்டையிடும். கல்லைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஏற்றினால் போதும், விரிப்பு எதுவும் வேண்டாம்.

2. பூச்சி சோதனை

ரவையிலும் மாவிலும் நூலாம்படை மாதிரி இழை ஓடியிருந்தால் அது அந்துப்பூச்சியின் புழு வேலை. அதைச் சலித்துப் பயன்படுத்த நினைக்காமல் கொட்டிவிடுங்கள். முழுப் பருப்பில் ஒன்றிரண்டு வண்டு என்றால் முறத்தில் புடைத்து, நல்ல வெயிலில் நாலைந்து மணி நேரம் காயவைத்து, முழுக்க ஆறிய பின் மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். வறுத்த ரவைக்கும் இதே விதி.

வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டால் புதுப் பூச்சி அண்டுவது குறையலாம். ஆனால் கடையிலிருந்தே தானியத்துக்குள் வரும் முட்டையை அவை கொல்லாது. அதற்கு ஃப்ரீசர்தான் நம்பகமான வழி. பாக்கெட்டைப் பிரிக்காமல் ஒரு வாரம் உள்ளே வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்க வேண்டாம். குளிர்ச்சி முழுக்கப் போகும்வரை விட்டால்தான் ஈரம் உள்ளே இறங்காது.

3. டப்பாவின் கொள்ளளவு

கடையில் ‘ஒரு கிலோ டப்பா’ என்று கொடுப்பதில் ஒரு கிலோ கோதுமை மாவு பிடிக்காது. மாவு லேசு, உப்பு கனம், அதனால் எடையை விட்டுவிட்டு லிட்டரைப் பாருங்கள். 1 கிலோ துவரம் பருப்பு, உளுந்து, சர்க்கரைக்கு ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டர் இடம் வேண்டும். ரவைக்கு ஒன்றரை, கோதுமை மாவுக்கு 2 லிட்டர். உப்புக்கு 1 லிட்டரே போதும். கால் கிலோ மிளகாய்த்தூளுக்கு 600 மி.லி.

வீட்டில் கிடக்கும் சத்துமாவு பாட்டில், ஊறுகாய் ஜாடி, எவர்சில்வர் சம்படம் எல்லாவற்றையும் 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலால் நிரப்பி அளந்துகொள்ளுங்கள். அப்படியே மூடிக் கவிழ்த்துப் பாருங்கள். சொட்டினால் காற்றும் ஈரமும் போகும் மூடி அது. அதில் மாவு வேண்டாம், அப்பளம் கட்டிய பாக்கெட்டுகளைப் போடலாம். அளந்து முடித்தவற்றைக் கவிழ்த்து ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். உப்பையும் புளியையும் இரும்பு, அலுமினியம், எவர்சில்வர் எதிலும் வைக்காதீர்கள், அரித்துவிடும். பீங்கான் அல்லது கண்ணாடி நல்லது.

பட்டியல் போட்ட பிறகும் பற்றாக்குறை இருந்தால், அந்த அளவில் மட்டும் புதிதாக வாங்குங்கள்.

4. பின்வரிசைக்குப் படி

முழு வேலையிலும் அதிகப் பலன் தருவது இதுதான்.

செங்கல்லை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, பிளாஸ்டிக் கவரில் இறுக்கிச் சுற்றுங்கள். சுற்றாவிட்டால் செம்மண் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். சுவரை ஒட்டி, இரண்டு முனையிலும் ஒன்று, நடுவில் ஒன்று என்று படுக்கையாக வைத்து, மேலே பலகையைப் போடுங்கள். நடுச் செங்கல்லை மிச்சம் பிடித்தால் எட்டு, பத்து கிலோ பாரத்தில் 12 மி.மீ. பலகை சில மாதங்களில் தொய்ந்துவிடும். உயரம் கூடுதலாகக் கிடைக்கிறதே என்று செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தவும் கூடாது. அடிப்பரப்பு 3 அங்குலமாகக் குறைந்து, டப்பாவை இழுக்கும்போது பலகை சாயும்.

இப்போது பின்வரிசை மூன்றரை அங்குலம் மேலே நிற்கும். 12 அங்குல ஆழமுள்ள தட்டில் பின்னால் ஒரு வரிசை, முன்னால் ஒரு வரிசை. அதற்கு மேல் வேண்டாம். மேல் தட்டுக்கும் பின்வரிசை மூடிக்கும் நடுவே 2 அங்குலமாவது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுக்குங்கள், இல்லையென்றால் டப்பாவைத் தூக்கி எடுக்க முடியாது.

இடுப்புக்குக் கீழே உள்ள தட்டில் படி உதவாது, குனிந்தால் முன்வரிசைதான் தெரியும். அங்கே டிரேக்கள். ஒன்றில் மசாலா பாக்கெட்டுகள், இன்னொன்றில் எண்ணெய். டிராயர் மாதிரி முழுவதையும் இழுத்துப் பார்க்கலாம். ஒரு டிரேயில் 5 கிலோவுக்கு மேல் ஏற்றினால் விளிம்பு உடையும்.

5. எது எங்கே

தினமும் எடுப்பது இடுப்புக்கும் கண்ணுக்கும் இடைப்பட்ட தட்டில். அரிசி தரைமட்டத்தில், ஆனால் நேரடியாகத் தரையில் அல்ல. அடுப்புக்கு மேல் தட்டில் மிளகாய்த்தூளும் எண்ணெயும் வேண்டாம். சூட்டில் தூள் நிறம் மங்கும், எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும். அங்கே பாத்திரம் வையுங்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனி ஓட்டைக் கூடையில் இருக்கட்டும்.

6. பெயர்ச்சீட்டு

மாஸ்கிங் டேப்பில் பொருளின் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதுங்கள். பின்வரிசை டப்பாவில் மூடிக்கு நேர் கீழே ஒட்டினால்தான் முன்வரிசை மறைக்காது. டிரேயில் இருப்பவற்றுக்கு மூடியின் மேல் ஒட்டுங்கள்.

புதுச் சரக்கு வந்ததும் மிச்சத்தின் மேலேயே கொட்டுவது நம் வீடுகளில் ஊறிப்போன பழக்கம். அடியில் இருக்கும் பழையது மாதக்கணக்கில் கிளறப்படாமல் கிடந்து, மொத்த டப்பாவுக்கும் பூச்சியைப் பரப்பும். மிச்சத்தை ஒரு கிண்ணத்தில் தட்டி, டப்பாவைத் துடைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போடுங்கள். டப்பா கால் பங்குக்கு இறங்கியதும் அந்தப் பொருளை மளிகைச் சீட்டில் எழுதிவிடுங்கள். அந்தச் சீட்டையும் ஒரு பென்சிலையும் அலமாரிப் பக்கத்திலேயே மாட்டி வையுங்கள்.