கருவிக்கு மட்டும் குடை பிடித்தோம்: கல்லூரி வெயிலைச் சமாளிப்பது எப்படி?

சிவில் இரண்டாம் ஆண்டில் சர்வே செய்முறை வகுப்பு. நிலத்தின் உயர வேறுபாட்டை அளக்கும் லெவல் கருவி சூடானால் அதன் குமிழி நகர்ந்துவிடும் என்று அதற்குக் குடை பிடித்திருந்தோம். அந்தக் கருவி வழியே பார்த்துப் படிக்கும் நீளமான அளவுகோலான ஸ்டாஃபைப் பிடித்துக்கொண்டு பத்தரையிலிருந்து ஒன்றரை வரை திறந்த மைதானத்தில் நான் நின்றேன். அன்றிரவு தலை வாரும்போது சீப்பு வகிட்டில் பட்டதும் உயிர் போனது. வகிடு நெடுக ஒரு சிவப்புக் கோடு, பிடரியில் காலர் முடியும் இடத்தில் இன்னொன்று. நாலாவது நாள் தோல் உரிந்தது.

இத்தனைக்கும் முகத்துக்கு சன்ஸ்கிரீன் போட்டிருந்தேன். அதனால்தான் ஜூனியர்களிடம் முதலில் இதைச் சொல்கிறேன்: காது மடல், பிடரி, புறங்கை, செருப்பு வாருக்கு நடுவே தெரியும் பாதம், எதையும் விடாதீர்கள். வகிட்டுக்குத் தொப்பிதான் சரி. அதுவும் சுற்றிலும் விளிம்புள்ள தொப்பி. முன்பக்கம் மட்டும் நீண்ட கேப் காதையும் பிடரியையும் காப்பாற்றாது.

அடுத்தது அளவு. இதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். டியூபில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப், அதாவது வெயில் பாதுகாப்பு எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசிச் சோதித்த கணக்கு. பட்டாணி அளவு தொட்டு முகமெல்லாம் இழுத்தால் அந்தப் பாதுகாப்பு கிடைக்காது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிழியுங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அது போதும். எஸ்பிஎஃப் 30 யுவிபி என்ற வகைப் புற ஊதாக் கதிரில் சுமார் 97 சதவீதத்தைத் தடுக்கிறது, 50 சுமார் 98. ஆக, 50-ஐக் கொஞ்சமாகத் தடவுவதைவிட 30-ஐத் தாராளமாகப் பூசுவது மேல். ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால்தான் யுவிஏ என்ற இன்னொரு வகைப் புற ஊதாக் கதிரும் தடுக்கப்படும். யுவிஏ கண்ணாடி வழியாகவும் வரும் என்பதால், வகுப்பில் வெயில் விழும் ஜன்னலோரத்தில் உட்காருபவர்களுக்கும் இது பொருந்தும்.

கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே பூசிவிடுங்கள். வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். வியர்த்துத் துடைத்தால் உடனே.

மாநிறத்துக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார்கள். நானும் மாநிறம்தான். மெலனின் ஓரளவு காக்கும், ஆனால் என் பிடரியை அது காக்கவில்லை. கண்ணுக்கோ அந்தக் காவல் போதவே போதாது. வருடக்கணக்கில் படும் புற ஊதாக் கதிர் கண்புரைக்கு ஒரு காரணம். கூலிங்கிளாஸ் வாங்கினால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதைக் குறிக்கும் ‘யுவி 400’ அதில் இருக்கட்டும். கறுப்பு நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

எப்போது கவனம் தேவை? போனில் வானிலைச் செயலியில் யுவி இன்டெக்ஸ், அதாவது புற ஊதாக் கதிரின் கடுமையைச் சொல்லும் எண்ணைப் பாருங்கள். 3-ஐத் தொட்டாலே பாதுகாப்பு வேண்டும். 8-ஐ எட்டினால் நடுப்பகலில் வெளியே நிற்காமல் இருப்பதே நல்லது. மேகமூட்டத்தை நம்பாதீர்கள். போன் கையில் இல்லையா, உங்கள் நிழலைப் பாருங்கள்: அது உங்களைவிடக் குட்டையாக இருந்தால் வெயில் கடுமை.

அப்புறம், நேரத்தை மாற்றக் கேட்கத் தயங்காதீர்கள். நாங்கள் எங்கள் ஆசிரியரிடம் கேட்டோம். அடுத்த வாரத்திலிருந்து சர்வே வகுப்பு காலை ஏழரைக்கே தொடங்கியது. ஸ்டாஃப் பிடிப்பவருக்கும் ஒரு குடை வந்தது.