வெளியில செயற்கை செடி வச்சு அழகுபடுத்துறது எப்படி? முதல் தடவை செய்றவங்களுக்கு

மாடிப்படிக்கு அடியில, ரெண்டு சுவருக்கு நடுவுல இருக்குற சந்துல, வெயிலே எட்டிப் பாக்காத பால்கனி மூலையில எதை வச்சாலும் வாடிப்போகுதுன்னா அங்க தாராளமா செயற்கை செடி வைக்கலாம். மண்ணும் வெயிலும் நல்லா இருக்குற இடத்துல மட்டும் தயவுசெஞ்சு நிஜ செடியே வைங்க, அதோட குளுமை பிளாஸ்டிக்ல வராது.

1. இடத்தை பாத்துட்டு வாங்குங்க

நேர் வெயில் எவ்ளோ நேரம் விழுது, சாரல் அடிக்குதா, காத்து எந்தப் பக்கம் வருதுன்னு ஒருநாள் கவனிங்க. வெயில் விழுற இடம்னா யூவி (வெயில்ல இருக்குற, நிறத்தை வெளுக்க வைக்கிற புற ஊதாக் கதிர்) பாதுகாப்பு உள்ள செடிதான் வேணும், அதுலயும் பிளாஸ்டிக்கோடவே யூவி மருந்து கலந்து செஞ்சதான்னு கேட்டு வாங்குங்க, ஏன்னா மேல ஸ்ப்ரே மட்டும் அடிச்சது மழையிலயும் துடைக்கிறதுலயும் போயிடும். துணியில செஞ்ச இலை வீட்டுக்குள்ளதான் லாயக்கு. சிவப்பு, ஊதா பூவெல்லாம் பச்சையை விட சீக்கிரம் வெளுக்கும், அதனால முதல்ல பச்சையிலயே ஆரம்பிங்க.

2. தொட்டி, இதுலதான் விஷயமே இருக்கு

செடி போலின்னு காட்டிக் கொடுக்குறது பெரும்பாலும் இலை இல்ல, அடிப்பகுதிதான். கடையில இருந்து வரும்போது சின்ன கறுப்பு தொட்டியில சிமென்ட் ஊத்தி, அதுல தண்டை நட்டு வச்சிருப்பாங்க, அதை அப்படியே வச்சா யார் பாத்தாலும் தெரிஞ்சிடும், காத்தடிச்சா சாயவும் செய்யும். நல்ல கனமான பெரிய தொட்டி எடுத்து, அடியில செங்கல் துண்டு போட்டு, அதுமேல அந்த சின்ன தொட்டியை நேரா நிறுத்தி, சுத்தி ஜல்லியும் மணலும் போட்டு இறுக்குங்க. கடைசியா சிமென்ட் துளிகூட தெரியாதபடி ரெண்டு விரல் உயரத்துக்கு மண்ணு, அதுமேல கூழாங்கல்லோ தேங்காய் நாரோ பரப்புங்க, ரெண்டு காஞ்ச நிஜ இலை கிடந்தா இன்னும் நல்லது.

தண்ணி ஊத்தாத செடிக்கு தொட்டி அடியில எதுக்கு ஓட்டைன்னு நினைக்காதீங்க, கட்டாயம் வேணும். மழைத் தண்ணி தேங்கினா டெங்கு பரப்புற ஏடிஸ் கொசு அதுல முட்டை போடும், முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும்.

3. கிளையை விரிக்கிறது

பெட்டிக்குள்ள அமுங்கி வந்திருக்கும், கொஞ்ச நேரம் வெயில்ல வச்சா இளகும். கீழ இருந்து மேல ஒவ்வொரு கிளையா பிரிங்க, உள்ள கம்பி இருக்கறதால வளைச்ச மாதிரி நிக்கும். எல்லாத்தையும் ஒரே அளவுக்கு விரிச்சா குடை மாதிரி ஆயிடும், அதனால ஒண்ணு தாழ்வா, ஒண்ணு தூக்கலா, ஒண்ணு வெளிச்சம் வர்ற பக்கம் சாஞ்சு இருக்கட்டும்.

4. அடுக்குறது

உயரமானது பின்னாடி, குட்டை முன்னாடி. நிழல்ல வைக்கிறதுன்னா நிழல்ல வளர்ற செடியோட போலியா பாத்து வைங்க, இருட்டு மூலையில ரோஜா பூத்துக் குலுங்கினா யாரும் நம்ப மாட்டாங்க. கைக்கு எட்டுற இடத்துல ஒண்ணு ரெண்டு நிஜ செடி கலந்து வச்சா மத்ததும் நிஜமாவே தெரியும், இது எனக்கு ரொம்ப பிடிச்ச வழி.

5. பச்சை சுவர் வேணும்னா

சுவரை மறைக்கிற செயற்கை இலை பேனல் (இலை பதிச்ச தட்டு) பெரும்பாலும் 50 செ.மீ. சதுரமா, ஒண்ணோட ஒண்ணு மாட்டுற மாதிரி வரும். நேரா சுவர்ல ஒட்டாம கம்பி வலையோ சட்டமோ அடிச்சு அதுல கேபிள் டை (இழுத்து இறுக்குற பிளாஸ்டிக் பட்டை) போட்டு கட்டுங்க, பின்னாடி காத்து போனாதான் சுவர் ஈரம் காயும். வெயில் தாங்குற கறுப்பு டைதான் போடணும், வெள்ளை சீக்கிரமே நொறுங்கிடும். ஓரத்தை ஸ்கேல் வச்ச மாதிரி வெட்டாம சில இலை வெளிய நீட்டிக்கிட்டு இருக்கட்டும்.

தரைக்கு செயற்கை புல் போடுறதா இருந்தா நேர் வெயில்ல வெறுங்கால் வைக்க முடியாத அளவுக்கு சுடும்ங்கறத யோசிச்சு முடிவு பண்ணுங்க.

6. பராமரிப்பு

தூசி படிஞ்சா ஹோஸ்ல தண்ணி அடிங்க, பிசுக்குக்கு சோப்புத் தண்ணி, பிளீச்சிங் வேண்டாம். அடுப்பு, விளக்கு பக்கத்துல வைக்கவே கூடாது. வருஷம் போகப்போக இலையை மடக்கிப் பாருங்க, ஒடிஞ்சு பொடியா உதிர்ந்தா அந்த செடியை எடுத்துடுங்க, இல்லன்னா அந்தத் தூள் மழையோட மண்ணுக்கும் சாக்கடைக்கும் போய்ச் சேரும்.