மருதாணி வைப்பதற்குள் முடிக்க வேண்டிய வேலைகள்

கல்யாண அலங்காரத்தைக் கையாலேயே செய்ய ஆசைப்படுகிறீர்களா? எது அழகு என்று யோசிப்பதற்கு முன்னால், எது எப்போது வாடும் என்று எழுதுங்கள். வேலையின் வரிசை அதிலேயே வந்துவிடும். இன்னொரு கெடுவும் உண்டு. மருதாணி வைத்த பிறகு பெண்ணின் கை எந்த வேலைக்கும் உதவாது.

எனக்கு அத்தை மகன்தான் மாப்பிள்ளை. ஆடுதுறைப் பக்கம், வீட்டு வாசலிலேயே பந்தல். அத்தான் வந்து திண்ணையில் உட்கார்ந்து என்னோடு வேலை பார்ப்பதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் பந்தக்கால் நட்டதும், "இனிமே நீ வாசலைத் தாண்டக் கூடாது" என்று அத்தை சொல்லிவிட்டார். ஆகவே கடைக்குப் போகிற, ஆளைப் பார்க்கிற வேலைகளைப் பந்தக்காலுக்கு முன்பே முடியுங்கள். மிச்சம் மாப்பிள்ளை தலையில்.

முதலில் நெட்டி. குளங்குட்டைகளில் வளரும் செடி. தண்டின் தோலைச் சீவினால் உள்ளே வெள்ளை வெளேரென்று தக்கை. கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கோயில் செய்து விற்பார்களே, அதே நெட்டிதான். தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு 2020இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எங்கள் பக்கம் நரசிங்கம்பேட்டையில் மாட்டுப் பொங்கலுக்கு நெட்டி மாலை கட்டுகிறார்கள். மாட்டுக்குப் போடுவதை மணவறையில் தொங்கவிடுவதா என்று அம்மா முகம் சுளித்தார். வெறும் வெள்ளையில் கோத்துக் காட்டியதும் பேச்சில்லை.

நெட்டியை வெட்ட மழுங்கிய கத்தி ஆகாது, நசுங்கிவிடும். புது பிளேடை வைத்து, அழுத்தாமல் இழுத்து இழுத்து வட்டமாகச் சீவுங்கள். ஓரத்தை மட்டும் சாயத்தில் தொட்டு, நிழலில் நன்றாகக் காயவிட்டு, ஊசி நூலில் கோத்துவிடுங்கள். வாடாது என்பதால் ஒரு மாதம் முன்பே செய்து அட்டைப் பெட்டியில் வைத்துவிடலாம். தண்ணீர் பட்டால் சாயம் இறங்கும். பன்னீர் தெளிக்கும் இடத்தில் மாட்டாதீர்கள், பட்டுப்புடவை பாழாகிவிடும்.

அடுத்தது குருத்தோலை. வெட்டப்போகிற மரம் ஏதாவது இருந்தால் அதில் எடுப்பது உத்தமம். என் மாமாவுக்குப் பட்டுக்கோட்டைப் பக்கம் தோப்பு. 2018 கஜா புயலில் தென்னை சாய்ந்ததைப் பார்த்தவரிடம் காய்க்கிற மரத்தின் குருத்தைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வையுங்கள். ஈர்க்கை உருவிவிட்டு மடித்தால் ஓலை சொன்னபடி வளையும். குருவி மடிக்கத் தெரிந்த கிழவர் ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் கற்றுத் தருவார். குருவியின் தலை மேலே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் துக்க வீட்டுத் தோரணம் என்று பெரியவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள்.

மாக்கோலம் முதல் நாள் சாயங்காலம். பச்சரிசியை ஊறவைத்து மைய அரைத்துக் கரைத்து, சின்னத் துணியை நனைத்துப் பிடித்து மோதிர விரல் வழியாக இழை இழுக்க வேண்டும். போடும்போது மங்கலாகத்தான் தெரியும். காய்ந்த பிறகுதான் வெள்ளை எழும். பொறுமை இல்லாமல் மேலே மேலே பூசினால் காய்ந்ததும் பெயர்ந்து வரும். ஓரத்துக்குக் காவி. அது முடிந்ததும் கையைக் கழுவிக்கொண்டு மருதாணிக்கு உட்காரலாம்.

வாழை மரம் மாப்பிள்ளை வீட்டு வேலையாக இருக்கட்டும். பூவும் தாருமாக இரண்டு. கொண்டுவரும்போது இலைகளை மேலே சேர்த்து நாரால் கட்டிவிட்டால் காற்றில் கிழியாது. கறை வேட்டியில் பட்டால் போகாது, பழைய கைலியோடு போகச் சொல்லுங்கள்.

மாலையும் கதம்பமும் நீங்கள் கட்ட வேண்டாம். பூக்காரர் கைக்கு நம் கை ஈடாகாது, அதிலும் தஞ்சாவூர்க் கதம்பத்துக்கு.

தாம்பூலப் பையில் தேங்காய், மஞ்சள், பாக்கை முதல் நாளே போட்டு வைக்கலாம். வெற்றிலையை மட்டும் முகூர்த்தத்தன்று விடியற்காலையில், ஈரம் துடைத்துப் போடுங்கள். ராத்திரியே போட்டுக் கட்டினால் புழுங்கிக் கறுத்துவிடும். கும்பகோணம் கொழுந்து வெற்றிலை என்றால் கவுளியாக, அதாவது கட்டாக, ஐயம்பேட்டைப் பக்கம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். முகூர்த்த நாட்களில் விலை ஏறும்.