லிஃப்ட் பண்ணிய ஜீப்பில் ஷாஃப்ட் உதறல்: ஆப்பு வாங்குமுன் பாகையை அளந்து பாருங்கள்

லீஃப் ஸ்பிரிங் வண்டியை 50 மில்லிமீற்றர் உயர்த்திய கையோடு, கந்தளாய் வீதியில் 80இல் போகும்போது கால் வைக்கும் தகடு கும்மென்று அதிரத் தொடங்கும். வழக்கமாக முதலில் டயர் பேலன்ஸ் பண்ணுவார்கள். அடங்காவிட்டால் குறோஸ் (ஷாஃப்டின் முனையில் மடங்கிச் சுழலும் சிலுவை மூட்டு) மாற்றுவார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சோடி ஆப்பு, அதாவது ஸ்பிரிங்குக்கும் அக்சிலுக்கும் இடையே வைக்கும் சரிவான தகடு. ஒன்றையும் அளந்து பார்ப்பதில்லை. உயர்த்தியதால் மட்டும் வண்டி அதிராது. எஞ்சினின் சுழற்சியை அக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பலர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள பாகைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான் அதிர்கிறது.

டயரா, ஷாஃப்டா?

265/70 ஆர் 16 டயரும் 4.1 டிஃபரன்ஷியலும் (சக்கரத்தின் ஒரு சுற்றுக்கு ஷாஃப்ட் 4.1 சுற்று) உள்ள வண்டியில், 80 கிலோமீற்றர் வேகத்தில் சக்கரம் செக்கனுக்கு ஏறக்குறைய 9 தரம் சுற்றும். ஷாஃப்ட் 37 தரம் சுற்றும். டயர்க் கோளாறு என்றால் ஸ்டியரிங்கோ சீற்றோ மெதுவாக ஆடும். ஷாஃப்ட் என்றால் ரீங்காரம் மாதிரி. அதிலும் இரண்டு வகை உண்டு: ஷாஃப்ட் வளைந்திருந்தாலோ பேலன்ஸ் போயிருந்தாலோ சுற்றுக்கு ஒரு அதிர்வு, அதாவது செக்கனுக்கு 37. குறோஸின் பாகை பிழைத்திருந்தால் சுற்றுக்கு இரண்டு, செக்கனுக்கு 75 அளவில். அதிர்வை அளக்கும் இலவச ஆப் ஒன்றைப் போனில் போட்டு, பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்தால் இது தெளிவாகத் தெரியும்.

அதே வேகத்தில் நியூட்ரலில் விட்டுப் பாருங்கள். எஞ்சினை நிறுத்த வேண்டாம். அதிர்வு அப்படியே இருந்தால் எஞ்சின், கிளச்சில் பழுதில்லை. ஃப்ரீ வீல் ஹப் (முன் சக்கரத்தை முன் அக்சிலிலிருந்து பிரித்துவிடும் பூட்டு) உள்ள வண்டியில் ஹப்பைத் திறந்துவிட்டு ஓடும்போது அதிர்வு நின்றால், கோளாறு முன் ஷாஃப்டில்.

புறப்படும்போது மட்டும், 10 முதல் 30 வரை உதறிவிட்டு அடங்கினால், இரண்டு துண்டு ஷாஃப்ட் உள்ள டபள் கெப்புகளில் நடு பெயாரிங்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முன்னுக்குத் தனித்தனிச் சஸ்பென்சன் உள்ள பஜெரோ, பிராடோ, புதிய ஹைலக்ஸ் போன்றவற்றில் முன் டிஃபரன்ஷியல் சேசிஸிலேயே பூட்டியிருக்கும். உயர்த்தினாலும் முன் புரொப்பலரின் பாகை மாறாது. அங்கே சரிவது சக்கரத்துக்குப் போகும் சீவி அக்சில்தான். அதற்கு ஆப்பால் ஒரு பயனும் இல்லை.

அளக்கும் முறை

வண்டி தன் பாரத்தில் டயரில் நிற்க வேண்டும். ஜாக்கில் தூக்கி அக்சில் தொங்கும்போது எடுத்த அளவு வீண். குச்சவெளியிலிருந்து மீன் பெட்டியும் ஐஸும் ஏற்றி ஓடும் கெப் என்றால் அந்தப் பாரத்தோடேயே அளக்க வேண்டும். தரை துல்லியமாக மட்டமாக இருக்கத் தேவையில்லை, ஏனென்றால் நமக்கு வேண்டியது வித்தியாசம்தான். ஆனால் மூன்று அளவையும் எடுத்து முடியும்வரை வண்டி அசையக் கூடாது.

காந்தமுள்ள டிஜிற்றல் பாகைமானியால் டிரான்ஸ்பர் பெட்டியின் (சுழற்சியை முன், பின் ஷாஃப்டுகளுக்குப் பிரிக்கும் பெட்டி) வெளியச்சு, ஷாஃப்ட் குழாய், பின் பினியன் (ஷாஃப்ட் வந்து பூட்டும் டிஃபரன்ஷியல் அச்சு) ஆகிய மூன்றின் சரிவையும் எடுங்கள். குழாயில் துருவும் மண்ணும் இருந்தால் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு வைக்க வேண்டும்.

ஓர் உதாரணம். டிரான்ஸ்பர் பின்னோக்கி 4 பாகை கீழே சரிகிறது, ஷாஃப்ட் 10, பினியன் 1. முன் குறோஸில் 10-4=6, பின் குறோஸில் 10-1=9. வித்தியாசம் 3. இது 1 பாகைக்குள் இருக்க வேண்டும். பினியன் மூக்கை 3 பாகை தூக்கினால் இரண்டும் 6க்கு வந்துவிடும். ஆனால் லீஃப் ஸ்பிரிங்கில் அக்சிலரேற்றரை அமத்தும்போது பினியன் தானாகவே மேலெழும்; ஆகவே 2 பாகை ஆப்போடு நிறுத்துவது நல்லது.

பாகைகள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, எவ்வளவு என்பதும் முக்கியம். 3 பாகைக்குள் இருந்தால் சத்தமே இராது. ஷாஃப்ட் நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடினால் 7 பாகைதான் உச்சம். 3,000 சுற்றில் 6க்கும் சற்றுக் குறைவு. மாறாகப் பாகை பூச்சியமாகவும் இருக்கக் கூடாது. அரைப் பாகையாவது இல்லாவிட்டால் குறோஸின் ஊசி ரோலர்கள் உருளாமல் ஒரே இடத்தில் குழி விழும்.

டிரான்ஸ்பர் பக்கம் இரட்டைக் குறோஸ் உள்ள ஷாஃப்டுக்கு மேலே சொன்ன கணக்குப் பொருந்தாது. அதில் பினியன் நேரே டிரான்ஸ்பரைப் பார்க்க வேண்டும், 1 அல்லது 2 பாகை தாழ்வாக.

திருத்தும் முறை

ஸ்பிரிங் அக்சிலுக்கு மேலே இருந்தால் ஆப்பின் தடித்த பக்கம் பின்னுக்கு. கீழே இருந்தால் முன்னுக்கு. மாறிப் போட்டால் 3 பாகைப் பிழை 5 ஆகிவிடும். ஆப்பு இரும்பாக இருக்கட்டும், அலுமினியம் நசுங்கும். நடு போல்ட் நீளம் போதுமா என்று பாருங்கள். கழற்றிய யூ போல்டுகளைத் திரும்பப் பூட்டாதீர்கள். புதியவற்றை 100 கிலோமீற்றர் ஓடியபின் மறுபடி இறுக்குங்கள்.

முன் அக்சிலில் பினியனைத் தூக்கினால் கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சரிவு) குறைந்து ஸ்டியரிங் அலையும். ஜிம்னியில் இதன் மறுபக்கம் நடக்கும்: கேஸ்டரைத் திருத்தப் போடும் புஷ் பினியனைக் கீழே இறக்கி, முன் ஷாஃப்டை உதற வைக்கும். அங்கே இரட்டைக் குறோஸ் ஷாஃப்ட் போடுவதுதான் ஒழுங்கான வழி.

நடு பெயாரிங் உள்ளவற்றில் அதன் பிறாக்கெற்றுக்கும் சேசிஸுக்கும் இடையே 10 மில்லிமீற்றர் ஸ்பேசர் வைத்து ஓடிப் பாருங்கள், பிறகு கூட்டலாம். டிரான்ஸ்பரையே இறக்குவது கடைசி வழி. விசிறி ரேடியேற்றர் உறையில் உரசும், உயர்த்தி எடுத்த கிளியரன்ஸும் போகும்.

ஷாஃப்டைக் கழற்றுமுன் இரண்டு பிளாஞ்சிலும், வழுக்கும் பகுதியிலும் பெயின்றால் கோடு போடுங்கள். கிறீஸ் போடக் கழற்றி ஒரு பல் தள்ளிப் பூட்டினால் இரண்டு யோக்கும் (குறோஸைப் பிடிக்கும் கவைகள்) நேர்கோட்டில் வராது. பாகை எவ்வளவு சரியாக இருந்தாலும் உதறும். பழைய டிஃபென்டரில் கைப்பிரேக் டிரான்ஸ்பரிலேயே இருப்பதால், பின் ஷாஃப்டைக் கழற்றினால் பிரேக் பிடிக்காது. சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

கழற்றிய கையோடு குறோஸைக் கையால் மடக்கிப் பாருங்கள். ஓரிடத்தில் கொழுவி நின்றால் உள்ளே குழி விழுந்துவிட்டது. நிலாவெளி, புல்மோட்டைக் கடற்கரை மணலில் இறங்கும் வண்டிகளில் குறோஸின் முனைத் தொப்பி ஓரத்தில் செம்மண் நிறத் தூள் கசியும்; உப்பு உள்ளே போய்விட்டதற்கு அது அடையாளம். நிப்பிள் இருந்தால் நான்கு தொப்பியிலும் புதுக் கிறீஸ் வெளியே வரும்வரை அடியுங்கள். ஒன்றில் வராவிட்டால் அந்தக் குறோஸ் மாற்ற வேண்டியதுதான்.

இதற்குப் பிறகும் செக்கனுக்கு 37 என்ற அதிர்வு அடங்காமல் இருந்தால், ஷாஃப்டைப் பேலன்ஸ் மெசின் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். லேத்தில் சுற்றி நேர் பார்ப்பது பேலன்ஸ் ஆகாது என்பதால், மெசின் இருக்கிறதா என்று முதலே கேட்டுவிடுங்கள்.