15 வருஷம் ஆன டிஎன் வண்டியோட பெங்களூர் வர்றீங்களா? முதல்ல சேஸ் நம்பரைப் பாருங்க

ஊர்ல எஃப்சி (வண்டி ஓட்டற தகுதியோட இருக்குன்னு தர்ற சான்றிதழ்) காட்டறதுன்னா எப்படின்னு நமக்கெல்லாம் தெரியும். தெரிஞ்ச மெக்கானிக் இருப்பாரு, தெரிஞ்ச ஏஜென்ட் இருப்பாரு, காலைல வண்டியைக் கிரவுண்டுல நிறுத்தினா பிரேக் இன்ஸ்பெக்டர் ஒரு சுத்து சுத்திப் பார்ப்பாரு, மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிடும். அதே நெனப்புல அப்பாவோட பழைய சான்ட்ரோவையோ ஆல்டோவையோ ஓட்டிக்கிட்டு ஓசூர் தாண்டி வேலைக்கு வந்துடறாங்க நம்ம பசங்க. ஆர்சி புக்குல தேதி எப்ப முடியுதுன்னு யாரும் பார்க்கறதில்ல. எலக்ட்ரானிக் சிட்டில, ஈஜிபுரால, அல்சூர்ல வீடு பிடிச்சு செட்டில் ஆனப்புறம்தான் வண்டிக்கு 15 வருஷம் முடியப்போகுதுன்னு ஞாபகம் வரும். சேஸ் நம்பரால, அதாவது வண்டி உடம்புலயே அடிச்சிருக்கற அடையாள நம்பரால, என் ஃப்ரெண்டுக்கு இதுல நடந்ததைப் பார்த்த எரிச்சல்லதான் எழுதறேன், கொஞ்சம் நீளமாப் போனாலும் முழுசாப் படிங்க.

சட்டத்தை வேகமா சொல்லிடறேன். ஓன் போர்டு, அதாவது சொந்த உபயோகத்துக்கான காருக்கு ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம், அதுக்கப்புறம் வண்டியைக் காட்டி பாஸ் ஆனாத்தான் 5, 5 வருஷமா புதுப்பிப்பாங்க. டி போர்டு (வாடகை வண்டி) வாங்கி ஓட்ட வந்திருக்கீங்கன்னா வேற கணக்கு, 8 வருஷம் வரைக்கும் 2 வருஷத்துக்கு ஒருதடவை, அதுக்குமேல வருஷா வருஷம் எஃப்சி. ஓன் போர்டுக்கு ஃபார்ம் 25, தேதி முடியறதுக்கு 60 நாள் முன்னாடியிருந்து போடலாம். 2022 ஏப்ரல்ல இருந்து 15 வருஷம் தாண்டின காருக்கு ஃபீஸ் 5,000 ரூபாய், 2025ல 20 வருஷம் தாண்டினதுக்கு 10,000 ஆக்கிட்டாங்க.

வெளி மாநில வண்டியை ஒரு மாநிலத்துல 12 மாசத்துக்குமேல வச்சிருந்தா அந்த மாநில நம்பர் வாங்கணும்னு மோட்டார் வாகனச் சட்டம் 47வது பிரிவு சொல்லுது. அதனால வந்து சில மாசம்தான் ஆகுது, ஊர்ல அட்ரஸ் அப்படியே இருக்குதுன்னா பேசாம ஊருக்கு ஓட்டிட்டுப் போய் நம்ம ஆர்டிஓலயே முடிச்சிட்டு வந்துடுங்க, அதுதான் நிம்மதி. எப்ப கர்நாடகாக்குள்ள வந்தீங்கன்னு யாராவது கேட்டா காட்ட ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட்டை எடுத்து வச்சுக்கங்க, கிருஷ்ணகிரி டோல், அத்திப்பள்ளி டோல் தேதியெல்லாம் அதுல இருக்கும். இங்கயே தங்கறதுன்னு முடிவு பண்ணிட்டா ஊர் ஆர்டிஓல ஃபார்ம் 28 போட்டு என்ஓசி (ஆட்சேபணை இல்லன்னு தர்ற சான்று) வாங்கி, இங்க லைஃப் டாக்ஸ் கட்டி கேஏ நம்பர் எடுக்கணும். வண்டி வயசு ஏற ஏற டாக்ஸ் குறையும். என்ஓசி போடறதுக்கு முன்னாடி பழைய இ-செலான் பாக்கி எல்லாத்தையும் கட்டிடுங்க, லோன் முடிஞ்சும் ஆர்சில பேங்க் பேர் நிக்குதுன்னா ஃபார்ம் 35 கொடுத்து அதை எடுத்துடுங்க. எந்த ஆர்டிஓன்னா உங்க வீடு இருக்கற ஏரியாவைப் பொறுத்தது, கோரமங்களான்னா கேஏ 01, ஜெயநகர் கேஏ 05, எலக்ட்ரானிக் சிட்டி கேஏ 51, கேஆர் புரம் கேஏ 53.

தேதி முடிஞ்சப்புறம் "அடுத்த மாசம் பார்த்துக்கலாம்"னு ஓட்டவே ஓட்டாதீங்க. ரிஜிஸ்ட்ரேஷன் இல்லாத வண்டி கணக்குதான் அது, ஃபைனோட போகாது. 2021 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு வழக்குல, டெம்பரரி ரிஜிஸ்ட்ரேஷன் முடிஞ்சிருந்த வண்டி திருட்டுப் போனதுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்க வேண்டியதில்லன்னு தீர்ப்பு சொல்லியிருக்கு. ப்ரீமியம் ஒழுங்காக் கட்டிட்டு அப்படி ஒரு நிலைமைல போய் நிக்கணுமா?

சாதாரணமா ஃபெயில் ஆகற விஷயமெல்லாம் சரிபண்ணிடலாம். ஹேண்ட் பிரேக் பிடிக்காது, ஹெட்லைட் மஞ்சளடிச்சிருக்கும், ரிவர்ஸ் லைட் எரியாது, டயர் வழுக்கையா இருக்கும், வைப்பர் ரப்பர் காய்ஞ்சிருக்கும். சன் ஃபிலிம், முன்னாடி போட்ட கிராஷ் கார்டு எல்லாத்தையும் கழட்டிட்டுப் போங்க. கேஸ் கிட் இருந்தா ஆர்சில ஏறியிருக்கணும். எமிஷன் சர்டிஃபிகேட் பழைய வண்டிக்கு 6 மாசம், பிஎஸ் 4 (புகை அளவுக்கான தர விதி) வண்டிக்கும் அதுக்கு மேலயும் 1 வருஷம், அது உயிரோட இருக்கான்னு பாருங்க. ஸ்பேர்ஸ் எல்லாம் ஜேசி ரோட்டுல கிடைக்கும், அங்க பாதிக் கடையில தமிழ்லயே பேசி வாங்கலாம். இதுக்கெல்லாம் ஃபெயில் பண்ணாங்கன்னா கவலையே படாதீங்க, சரிபண்ணித் திரும்பக் காட்டினா முடிஞ்சது.

இனிமேதான் விஷயம். என் ஃப்ரெண்டு தூத்துக்குடிக்காரன், வண்டி அவங்க அப்பா வாங்கின சான்ட்ரோ. அந்த மனுஷன் ஞாயித்துக்கிழமை ஆனா தவறாம வண்டியைக் கழுவித் துடைப்பாரு, பெயின்ட் இன்னும் மின்னுது. ஆனா ஹார்பர் பக்கத்து உப்புக் காத்து பானட்டுக்குள்ள என்ன பண்ணுதுன்னு வெளிய இருந்து தெரியாதே. இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கற தகட்டுலதான் அந்த வண்டிக்கு சேஸ் நம்பர் அடிச்சிருக்கும், 17 எழுத்து. பாதி துருவுல மறைஞ்சுபோச்சு. பேப்பரை வச்சு பென்சிலால தேய்ச்சா எழுத்து விழல. இன்ஸ்பெக்டர் மத்ததெல்லாம் பார்த்துட்டு சேஸ் நம்பர் தெரியலன்னு எழுதிட்டாரு. அவர்மேல தப்பே இல்ல, அந்த வண்டி அந்த ஆர்சிக்குச் சொந்தமானதுங்கறதுக்கு அவருக்கு இருக்கற ஆதாரமே அந்த நம்பர்தானே.

கேட்டுக்கு வெளிய நின்ன ஒரு புரோக்கர் இதை மோப்பம் பிடிச்சு வந்தாரு. "இதெல்லாம் ஒரு மேட்டரா சார், உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு புதுசா பஞ்ச் அடிச்சிடலாம், நம்ம ஆளு இருக்காரு"ன்னு தமிழ்லயே பேசினாராம். தமிழ்ல பேசினதாலதான் இவன் நம்பினான், அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் ஆறல, புது ஊர்ல நம்ம பாஷை காதுல விழுந்தா மனசு எப்படி இளகும்னு தெரிஞ்சே வந்து நிக்கறாங்க. பணத்தை வாங்கிட்டுத் தேய்ச்சு அடிச்சுக் கொடுத்துட்டாங்க.

திரும்பக் காட்டினப்ப என்ன ஆச்சுன்னா, எழுத்தோட அளவு வேற, இடைவெளி வேற, சுத்தி தகடு பளபளன்னு இருக்கு. இப்ப இது துருப்பிடிச்ச வண்டி இல்ல, நம்பர் மாத்தின வண்டி. திருட்டு வண்டிக்குத்தான் இப்படிப் பண்ணுவாங்க. போலீஸ் ஸ்டேஷன், தடயவியல் பரிசோதனைன்னு போய், வண்டி மாசக்கணக்குல வெயில்லயும் மழையிலயும் நின்னுச்சு. லேப்ல என்ன பண்றாங்கன்னா, பஞ்ச் அடிக்கறப்ப எழுத்துக்குக் கீழ இருக்கற உலோகமும் அழுந்தியிருக்குமாம், அந்த இடத்துல ஆசிட் கலவையைத் தடவினா அழுந்தின பகுதி வேற மாதிரி அரிச்சு பழைய எழுத்து மேல தெரியும். ஆனா ரொம்ப ஆழமாத் தேய்ச்சிருந்தா அதுவும் வராது. இவனுக்கு முக்கால்வாசி வந்துச்சு, கடைசி எழுத்துங்க வரல. ஊர் ஆர்டிஓ ஃபைல்ல, முதல்முதலா ரிஜிஸ்டர் பண்ணப்ப ஃபார்ம் 20ல ஒட்டின பென்சில் பிரிண்ட் பத்திரமா இருந்துச்சு, அதோட காப்பிதான் அவனைக் காப்பாத்துச்சு. அதுக்குள்ள செலவானது வண்டி விலைக்கு மேல. அப்பாகிட்ட விஷயத்தைச் சொல்லவே இல்ல அவன்.

அதனால இதை மட்டும் செய்யுங்க. ஊர்ல இருந்து கிளம்பறதுக்கு முன்னாடியே பானட்டைத் தொறந்து நம்பர் எங்க இருக்குன்னு பாருங்க, சில வண்டிக்கு சீட்டுக்கு அடியில இருக்கும். மண்ணெண்ணெய் நனைச்ச துணியால மெதுவா துடைங்க, பழைய டூத் பிரஷ் போதும். உப்புத்தாள், கம்பி பிரஷ், கிரைண்டர் எதுவும் கிட்ட வரக்கூடாது, டிங்கரிங் வேலைக்கு விட்டா அந்த இடத்துல பட்டி, பெயின்ட் பூசாதீங்கன்னு நின்னு சொல்லுங்க. நம்பர் தெரியுதுன்னா உடனே ஃபோட்டோ எடுங்க, பென்சில் பிரிண்ட் ரெண்டு மூணு எடுத்து வைங்க, தெரிஞ்சதுமேல லேசா கிரீஸ் தடவிடுங்க. வாங்கினப்ப கொடுத்த இன்வாய்ஸ், ஃபார்ம் 21, பழைய இன்சூரன்ஸ் பேப்பர் எல்லாம் வீட்டு பீரோல எங்கயாவது இருக்கும், தேடி எடுத்துட்டு வாங்க.

நம்பர் நிஜமாவே போயிடுச்சுன்னா, எதையும் தொடாம அப்படியே ஆர்டிஓக்குப் போய் எழுத்து மூலமா கொடுங்க, சேஸ் நம்பர் துருவால தெரியல, ரீபஞ்ச் பண்ண அனுமதி வேணும்னு. தயாரிச்ச கம்பெனிகிட்ட இருந்தும் இன்ஜின் நம்பரையும் சேஸ் நம்பரையும் உறுதிப்படுத்தி லெட்டர் கேட்டு வாங்கலாம். அனுமதி வந்தப்புறம்தான் பஞ்ச், அதுவும் அவங்க சொல்ற விதத்துல, ரெக்கார்டுல ஏறணும். லேட் ஆகும், நாலு வாட்டி நடக்க வைப்பாங்க, ஆனா வண்டி உங்க வீட்டு வாசல்லயே நிக்கும். மனுவை கன்னடத்துல எழுதிக் கொடுங்க. என் அல்சூர் ஹவுஸ் ஓனரம்மா தமிழ்க்காரங்கதான், மூணு தலைமுறையா இங்க இருக்காங்க, கன்னடம் அவ்ளோ அழகா எழுதுவாங்க, என் ஃப்ரெண்டுக்கு எல்லா லெட்டரும் அவங்கதான் எழுதிக் கொடுத்தாங்க. அக்கம்பக்கத்துல இப்படி ஒருத்தரைக் கேட்டுப் பாருங்க, கேட்டுக்கு வெளிய நிக்கறவரைக் கேட்காதீங்க.

கணக்குப் பார்த்துட்டு வேண்டாம், உடைச்சிடலாம்னு தோணுச்சுன்னா பழைய இரும்புக் கடைல எடைக்குப் போடாதீங்க, ஆர்சி உங்க பேர்லயே நிக்கும், அந்த நம்பரை வேற எவனாவது மாட்டினா உங்களைத்தான் தேடி வருவாங்க. அரசு பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் சென்டர்ல கொடுத்தா டெபாசிட் சர்டிஃபிகேட் தருவாங்க, அதைக் காட்டினா அடுத்து வாங்கற ஓன் போர்டு வண்டிக்கு ரோடு டாக்ஸ்ல 25 சதவீதம் வரைக்கும் சலுகை தரலாம்னு மத்திய அரசு விதி இருக்கு. கொடுத்தப்புறம் ஆர்சி கேன்சல் ஆயிடுச்சான்னு பரிவாகன் சைட்டுல நம்பர் போட்டு நீங்களே ஒருதடவை பார்த்துடுங்க.