இமயமலைக் காசித்தும்பையை அடையாளம் காண்பது எப்படி?

மழைக்காலத்தில் தில்லியிலிருந்து உத்தராகண்டின் மலர்ப் பள்ளத்தாக்குக்கோ மணாலிப் பக்கமோ செல்லும் தமிழர்கள், ஓடைக்கரையிலும் ஈரப் புல்வெளியிலும் ஆளுயரத்துக்கு வளர்ந்து நிற்கும் இளஞ்சிவப்புப் பூச்செடியைக் கண்டால், அது இமயமலைக் காசித்தும்பையாக இருக்கக்கூடும். தில்லியின் மயூர் விகார் பகுதியில் மாடித் தொட்டிகளில் வளர்க்கும் காசித்தும்பைக்கு அது நெருங்கிய உறவு.

பூவின் நிறம் வெண்மை முதல் கருஞ்சிவப்பு வரை மாறுவதால், முதலில் தண்டைப் பார்ப்பதே நல்லது. அது உள்ளீடற்று, நீர்ப்பற்று மிகுந்து, பெரும்பாலும் செந்நிறம் படர்ந்திருக்கும். தொட்டிச் செடியின் இலைகள் மாறி மாறி அமைந்திருக்க, இதன் இலைகள் எதிரெதிராகவோ, கணுவுக்கு மூன்றாகவோ அமைந்து, விளிம்பில் கூரிய பற்களுடன் காணப்படும். இலைக்காம்பின் அடியை உருப்பெருக்கிக் கண்ணாடியால் நோக்கினால், குண்டூசித் தலை போன்ற சிறு சுரப்பிகள் தெரியும். பூவின் பின்புறம் பை போல் உப்பி, குட்டையான வளைந்த வாலில் முடியும்.

அதே மலைகளில் வளரும் இம்பேஷன்ஸ் சல்காட்டா என்ற உறவினம்தான் பலரையும் குழப்புகிறது. அதன் காய் நீண்டு மெலிந்திருக்கும். இதன் காயோ குட்டையாக, நுனிப்பக்கம் தடித்திருக்கும். முற்றிய காயைத் தொட்டவுடன் அது வெடித்து, விதைகளைச் சுமார் 7 மீட்டர் வரை கூடத் தெறிக்கவிடும். 1839இல் பிரிட்டனுக்கு அலங்காரச் செடியாகச் சென்ற இது அங்கே ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்துவிட்டதால், விதைகளை வீட்டுக்குக் கொண்டுவராமல், கணு, இலைக்காம்பு, காய் ஆகியவற்றைத் தனித்தனியே படமெடுத்து ஒப்பிடுவதே முறை.